பிடி யார் கையில்?

ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் அதை இழந்துபோக முடியுமா? ஞாயிறு ஆராதனை முடிந்து டீ டம்ளர் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர் இதைக் கிளப்பிவிடுவார். பிரதரன் சபையில் வளர்ந்தவர், முடியவே முடியாது என்பார். பெந்தெகொஸ்தே சபைக்காரர், முடியும், அதனால்தான் விழித்திருக்கச் சொல்லியிருக்கிறது என்பார். கூட ஒரு கத்தோலிக்க நண்பர் இருந்தால், மீட்பை இப்படித் தேதி குறித்துப் பேசுவதே அவருக்குப் பழக்கமில்லை. ஆளுக்கு இரண்டு வசனம் எடுத்துப் போடுவார்கள். டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது.

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். வசனத்துக்கு வசனம் எடைபோடுவதை விட, யார் எதற்குப் பயந்து எந்தப் பதிலைச் சொன்னார்கள் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். நிதானமாகவே பேசலாம்.

முதலில் சண்டை இல்லாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிருபைதான் முதலில் வருகிறது என்பதில் மேலே சொன்ன மூவருக்கும் தகராறு இல்லை. அந்த வழக்கு ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கி ஆறாம் நூற்றாண்டிலேயே முடிந்தது. பெலாஜியஸ் என்ற துறவி, பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்தவர், ஒழுக்கத்தில் கறாரானவர். கடவுள் ஒன்றைக் கட்டளையிட்டிருக்கிறார் என்றால் மனிதனால் அதைச் செய்ய முடியும் என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்தீன், நல்லதை விரும்பவேண்டிய அந்த விருப்பமே நோயில் கிடக்கிறது, அதை எழுப்புவதே கிருபைதான் என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் போதனையைத் தள்ளினார்கள். விசுவாசத்தின் முதல் அசைவுகூடக் கிருபையின் வேலைதான் என்று 529இல் தெற்குப் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் உறுதிசெய்தது.

நம் சபைகளில் அடிக்கடி ஒன்று சொல்லக் கேட்கிறேன்: கத்தோலிக்கர்கள் கிரியையினால் பரலோகம் போகலாம் என்கிறார்கள், நாம் கிருபையினால் என்கிறோம் என்று. இது நியாயமில்லை. லூத்தருக்கு மறுமொழியாக 1547 ஜனவரியில் திரெந்து சங்கம் தன் ஆறாவது அமர்வில் வெளியிட்ட ஆவணத்தைப் பாருங்கள். நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் இருக்கும் எதுவும், அது விசுவாசமானாலும் சரி, செயலானாலும் சரி, அந்தக் கிருபையைச் சம்பாதித்துத் தராது என்று அதிலேயே இருக்கிறது. வழி பிரிவது அதற்கு அப்புறம். கிருபை பெற்றவர் நற்செயல்களால் அதில் வளர்கிறார், சாவான பாவத்தால் அதை இழக்கிறார், பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறுகிறார் என்கிறது திரெந்து. தனி வெளிப்பாடு ஏதும் இல்லாமல், நான் கிருபையில் இருக்கிறேன் என்று யாரும் அசைக்கமுடியாத உறுதியோடு சொல்லிக்கொள்ள முடியாது என்றும் சொல்கிறது.

திரெந்து கூடுவதற்கு வெகு முன்பே லூத்தரால் தாங்கமுடியாமல் போனது இந்த நிச்சயமின்மைதான். எர்ஃபர்ட் மடத்தில் இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து, எழுந்து போனபிறகு இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பி வந்த மனிதர் அவர். செய்தது போதுமா என்று கேட்டு ஓய்ந்துபோனவருக்கு, போதுமானதை வேறொருவர் செய்துவிட்டார் என்ற செய்தி உயிர் கொடுத்தது. அதை யாரும் திரும்பத் தொட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில், 1522இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபத்தைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளினார்.

யாக்கோபு என்ன தப்புச் செய்தார்? ரோமரில் பவுல் ஆபிரகாமை எடுத்துக்காட்டாகக் கூப்பிட்டு, கிரியை இல்லாமல் விசுவாசத்தினால் அவர் நீதிமான் ஆனார் என்கிறார். யாக்கோபும் அதே ஆபிரகாமைக் கூப்பிட்டு, கிரியையினால்தான் நீதிமான் ஆனார் என்கிறார். மேலோட்டமாக வாசித்தால் நேருக்கு நேர் மோதல். ஆனால் இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் வேறு வேறு நாட்களைக் காட்டுகிறார்கள். பவுல் நிற்பது ஆதியாகமம் 15இல்: பிள்ளையில்லாத கிழவர், வானத்து நட்சத்திரங்களுக்குக் கீழே, வாக்குறுதியை மட்டும் நம்புகிறார். யாக்கோபு நிற்பது 22இல்: பிள்ளை பிறந்து வளர்ந்து, மோரியா மலையில் அந்தப் பிள்ளையைக் கொடுக்கும் நாள். நடுவே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. முதல் நாளில் விழுந்த விதை உயிருள்ளதுதானா என்று இரண்டாம் நாளில் தெரிந்தது என்றுதான் பெரும்பாலான சீர்திருத்தச் சபையினர் இதைச் சேர்த்து வாசிக்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். அதற்குத் தாவீதை விட நல்ல சோதனை கிடையாது. தேவனுக்குப் பிரியமானவன், பத்சேபாளை எடுத்துக்கொண்டான், அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகவைத்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொல்லும்வரை மனம் திரும்பவில்லை. அந்த இடைப்பட்ட மாதங்களில் அவன் இரட்சிக்கப்பட்டவனா, இல்லையா?

1536 டிசம்பரில் லூத்தர் எழுதிய ஸ்மால்கால்டு கட்டுரைகள் சொல்கின்றன: அந்த நேரத்தில் விசுவாசமும் பரிசுத்த ஆவியும் அவனை விட்டுப் போய்விட்டன. லூத்தரே இப்படிச் சொன்னார் என்பது பலருக்குத் தெரியாது. கிருபையின் பெரிய பிரசங்கியார், விழுந்துபோக முடியும் என்ற பக்கத்தில் நிற்கிறார். 1619இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கால்வின் வழிவந்த சபைகள் கூடி வெளியிட்ட தீர்ப்பு அதே தாவீதைப் பற்றி வேறு மாதிரி சொல்கிறது: பயங்கரமாக விழுந்தான், கிருபையின் உணர்வைக்கூடக் கொஞ்ச காலம் இழந்தான், ஆனால் தேவன் அவனை முழுக்கக் கைவிடவில்லை, வித்து உள்ளேயே இருந்தது.

டோர்ட் சங்கம் அமைதியான அறையில் நடந்த விவாதம் அல்ல. இறையியலாளர் ஆர்மீனியஸின் மாணவர்கள் 1610இல் ஐந்து அம்சங்களில் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். அதில் ஐந்தாவதுதான் நம் விஷயம். மெய்யான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்தில் இன்னும் ஆராயவேண்டும் என்று அடக்கமாகத் திறந்துவைத்தார்கள். சங்கம் அதை இழுத்துச் சாத்தியது. அந்தப் பக்கத்துப் போதகர்கள் சுமார் 200 பேர் பதவி இழந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக இருந்த மூத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட், வெளிநாட்டுப் பிரதிநிதிகள் விடைபெற்ற நான்காம் நாள், 1619 மே 13 அன்று ஹேக் நகரில் தலைவெட்டப்பட்டார். குற்றச்சாட்டு தேசத்துரோகம், உள்ளே ஓடியது அதிகாரப் போட்டி. ஆனாலும் பரிசுத்தவான்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியவர்களின் காலத்தில் எழுபது தாண்டிய கிழவருக்கு அந்தக் கதி நேர்ந்ததை என்னால் லேசாகத் தாண்டிப்போக முடியவில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். டோர்ட் சொன்னது, தேவன் பிடித்தவர் கடைசிவரை நிலைநிற்பார், விழுந்தாலும் மனம் திரும்பி எழுவார் என்பது. எழுப்புதல் கூட்டத்தில் ஒரு இரவு கையைத் தூக்கி ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி வாழ்ந்தாலும் பரலோகம் உறுதி என்ற போதனை அதிலிருந்து நிறையவே நழுவிப்போனது. டோர்ட்டில் இருந்தவர்கள் இதைக் கேட்டால் அதிர்ந்துபோவார்கள். நம்மூர் வாக்குவாதத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வருகிறது.

எதிர்ப்பக்கத்தின் பலமான வாதம் எபிரெயர் 6. பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்று, அப்புறம் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்குப் புதுப்பிக்க முடியாது என்று அங்கே இருக்கிறது. இதற்கு டோர்ட் பக்கத்தார் சொல்லும் பதில்: அவர்கள் ருசிபார்த்தவர்கள்தான், உண்மையில் பிறந்தவர்கள் அல்ல, யோவானின் முதல் நிருபம் சொல்வதுபோல, நம்மவர்களாக இருந்திருந்தால் நம்மோடு நிலைத்திருப்பார்கள். 1751இல் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி இந்தப் பதிலை ஏற்காமல் ஒரு நூலே எழுதினார். வேதம் வர்ணிக்கிற அனுபவத்தை அனுபவமே இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதைத்தான் நம்புவது என்பது அவர் தரப்பின் சாரம். அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு எதிர்முகாம். 1739இல் வெஸ்லி பிரிஸ்டலில், இரட்சிக்கப்படுகிறவர் யார் என்று தேவன் முன்பே குறித்துவிட்டார் என்ற முன்குறித்தல் போதனைக்கு எதிராகப் பிரசங்கித்ததும் இருவரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். ஆனாலும் 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

நம் ஊர்க்காரருக்கு இது கேட்டுப் பழகிய வழக்கு. வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள், தாயின் வயிற்றைக் குட்டி பற்றிக்கொள்ளவேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைச் சொல்வார்கள், தாயே கவ்வித் தூக்கிப்போகும். ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் இந்த ஒப்புமையைக் கண்டு வியந்து எழுதினார். டோர்ட் பூனைப் பக்கம், வெஸ்லி குரங்குப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பற்றிக்கொள்ளும் பலமே தாய் கொடுத்தது என்று வெஸ்லி உடனே சேர்த்துக்கொள்வார். ஆனால் கிறிஸ்தவ வழக்கு இதோடு நிற்கவில்லை. கவ்விய தாய் விடமாட்டாள், சரி. நான் கவ்வப்பட்ட குட்டிதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிடி தளருமா என்பதை விட இதுதான் பெரிய கேள்வி. அகஸ்தீன் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுதிய நூலில், கடைசிவரை நிலைநிற்பது தேவன் தரும் கொடை என்றார், அந்தக் கொடை தனக்கு உண்டா என்று சாகும்வரை யாருக்கும் நிச்சயமில்லை என்றும் சொன்னார். கால்வின் வழியினர் அப்படி விடவில்லை. கிறிஸ்துவின் வாக்குறுதியைப் பார், உன் உள்ளத்தில் ஆவியின் சாட்சியைக் கேள், உன் வாழ்க்கையில் கனியைப் பார் என்றார்கள். கவனியுங்கள், முன்வாசலில் அனுப்பிவிட்ட கிரியை, சாட்சியாகப் பின்வாசல் வழியே வந்து உட்கார்ந்துகொண்டது. திடமான மனசு உள்ளவருக்கு இதில் தொந்தரவு இல்லை. உள்ளே பார்த்தால் இருட்டு மட்டுமே தெரிகிறவருக்கு? அப்படிப்பட்ட ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

ஓல்னி என்ற ஊர் பக்கிங்ஹாம்ஷயரில், சரிகைப் பின்னல் தொழிலாளர்கள் நிறைந்த சிற்றூர். 1764 முதல் அங்கே போதகராக இருந்தவர் ஜான் நியூட்டன். கவிஞர் வில்லியம் கூப்பர் 1767இல் அங்கே வந்து சேர்ந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தோட்டம். சுற்றிப் போகாமல் அதன் வழியே நடக்க ஆண்டுக்கு ஒரு கினி கட்டினார்கள், அப்படி ஒட்டுதல். இருவரும் சேர்ந்து சபைக்குப் பாட்டுகள் எழுதினார்கள், பின்னால் 1779இல் அவை தொகுப்பாக வந்தன.

கூப்பருக்கு மனநோய் பழையது. 1763இல், ஒரு உத்தியோகத்துக்கான விசாரணைக்குப் பயந்து பலமுறை உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் காட்டனின் காப்பகத்தில் இருந்தபோது, 1764இல், ரோமர் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்து விடுதலை அடைந்தார். அதன்பின் சில ஆண்டுகள் அவர் ஓல்னியின் ஜெபக்கூட்டங்களில் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னவர்.

1773 புத்தாண்டு ஆராதனைக்கு நியூட்டன் எடுத்துக்கொண்ட பகுதி முதலாம் நாளாகமம் 17, தாவீது கர்த்தருக்கு முன் உட்கார்ந்து, என்னை இதுவரை கொண்டுவந்ததற்கு நான் எம்மாத்திரம் என்று வியக்கும் ஜெபம். அதை ஒட்டி அவர் எழுதிய பாட்டுதான் இன்று உலகமெங்கும் பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’. அந்த ஜனவரியின் தொடக்க நாட்களிலேயே கூப்பர் இடிந்துவிழுந்தார். பிப்ரவரியில் ஒரு கனவு. உன் காரியம் முடிந்தது, நீ அழிந்தாய் என்ற பொருளில் ஒரு குரல் கேட்டது. அதிலிருந்து மீதி 27 ஆண்டுகளும் தான் தள்ளப்பட்டவன் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆராதனைக்குப் போவதை நிறுத்தினார். ஜெபிக்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தார்.

கொடுமை எங்கே தெரியுமா? மெய்யாய்ப் பிறந்தவர் விழுந்துபோக மாட்டார் என்ற போதனையை அவர் விடவேயில்லை. தான் மெய்யாய்ப் பிறந்தவன் என்பதையும் மறுக்கவில்லை. உலகத்தில் தனக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது என்று நம்பினார். அவர் கொள்கைப்படியே அது நடக்கமுடியாத காரியம். நண்பர்கள் எடுத்துச் சொன்னார்கள், பயனில்லை.

நியூட்டனின் கடுமையான கால்வின்வாதம்தான் அவரைப் பைத்தியமாக்கியது என்று அன்றைக்கே சிலர் பேசினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஓல்னிக்கு வருவதற்கு முன்பே நோய் இருந்தது. போதனை நோயைக் கொடுக்கவில்லை, நோய்க்குப் பேச ஒரு மொழியைக் கொடுத்தது. கூப்பர் வெஸ்லியின் ஆளாக இருந்திருந்தால் இழந்துவிட்டேன் என்று அழுதிருப்பார். மடத்தில் இருந்திருந்தால் லூத்தரைப்போலப் பாவங்களை எண்ணிக்கொண்டே இருந்திருப்பார். 1773 ஏப்ரலில் அவர் நியூட்டனின் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு வருடத்துக்கும் மேல், சொந்த வீடு எதிரே இருந்தும், போகமாட்டேன் என்று அங்கேயே இருந்தார். நியூட்டனும் மனைவி மேரியும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

நியூட்டனையும் நாம் சும்மா விட முடியாது. 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் கப்பல் மூழ்கவிருந்த நாளைத் தன் மனமாற்றத்தின் நாளாக ஆயுள் முழுக்க அனுசரித்தவர் அவர். அதற்குப் பிறகு, பிறகுதான், 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலின் கேப்டனாகப் போனார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள் கிடந்தார்கள். 1752 டிசம்பரில் கப்பலில் கிளர்ச்சித் திட்டம் இருப்பதாகச் சந்தேகம் வந்தது. உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களை இடுக்கியில் வைத்து நெரித்ததை அவரே கப்பல் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1788இல்தான் அந்த வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக ஒரு சிறு நூல் எழுதினார். புயலுக்கும் அந்த நூலுக்கும் நடுவே 40 ஆண்டுகள்.

கனியைப் பார்த்து மரத்தை அறிவது என்றால், 1752இல் அந்தக் கப்பலில் இருந்த ஒரு சிறுவன் எதைப் பார்த்திருப்பான்? அந்தச் சிறுவனை விட்டுவிட்டுக் கிருபையைப் பற்றிச் சொல்லும் எந்த விளக்கமும் எனக்குப் போதாது. நியூட்டனே பின்னால், 1748இல் தொடங்கி வெகு காலத்துக்குத் தன்னை முழுப் பொருளில் விசுவாசி என்று எண்ண முடியவில்லை என்று எழுதினார்.

இதில் இன்னொன்றும் உண்டு. நியூட்டனின் நூல் வந்த அதே 1788இல், தனக்குப் பரலோகமே இல்லை என்று நம்பியிருந்த கூப்பர், அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பாடல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றை ஒழிப்பு இயக்கத்தார் அச்சடித்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். பலன் எதிர்பார்த்துச் செய்கிறார்கள் என்று கிரியைக்காரரைக் குறைசொல்வது நம் வழக்கம். பலன் ஏதும் தனக்கு மிச்சமில்லை என்று நினைத்த ஒருவர் செய்த கிரியைக்கு என்ன பெயர் வைப்பது? இரட்சிப்பின் உறுதி நன்றியைத் தரும், நன்றி நற்செயலைத் தரும் என்று நாம் போடுகிற வரிசை அவர் விஷயத்தில் பொருந்தவில்லை.

இந்தப் பழைய வழக்கைத் தீர்க்கச் சபைகளும் சும்மா இருக்கவில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2017இல் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பும். இரட்சிப்பின் நிச்சயத்துக்கும் நற்செயல்களுக்கும் அதில் தனித்தனிப் பகுதி இருக்கிறது. என்னைப் பார்க்காமல் கிறிஸ்துவைப் பார்க்கும்போதுதான் நிச்சயம் என்பதில் இரு தரப்பும் நெருங்கி வந்தார்கள். விழுந்துபோவதைப் பற்றி டோர்ட்டும் வெஸ்லியும் விட்ட இடத்தில்தான் இன்னும் பலரும் நிற்கிறார்கள்.

கூப்பர் 1800 ஏப்ரலில் இறந்தார், கடைசிவரை ஆறுதல் இல்லாமல். லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்த நியூட்டன், மோசே கண்ட எரியும் முட்செடியை எடுத்துக்கொண்டார். 27 ஆண்டுகள் எரிந்தும் வெந்துபோகாதவர் என்று நண்பரைச் சொன்னார். இறந்தவரின் சொந்த வாக்குமூலத்தை அவர் ஏற்கவில்லை. பிடி கூப்பரின் கையில் இல்லை, ஆகவே அவர் விட்டுவிட்டதாக நினைத்ததும் கணக்கில் சேராது என்பதுதான் நியூட்டன் சொன்னதன் சாரம் என்று வாசிக்கிறேன். அந்த இடத்தில் நான் முழுக்க நியூட்டன் பக்கம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. கேட்கிறவர் யார் என்று முதலில் பார்ப்பேன். தூக்கமில்லாமல், தொலைந்தேன் என்று வருகிறவருக்கு யோவான் பத்தாம் அதிகாரம், அந்தக் கையிலிருந்து யாரும் பறித்துக்கொள்ள முடியாது என்று இருக்கும் இடம். எபிரெயர் ஆறை அவரிடம் திறக்கவே மாட்டேன். 1752இல் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனை நடத்திக்கொண்டிருந்த கேப்டன் வந்து, நான் பத்திரமாக இருக்கிறேனா என்று கேட்டிருந்தால் யோவானை எடுத்திருக்கமாட்டேன். யாக்கோபைத்தான் எடுத்திருப்பேன், இரண்டாம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் ஐந்தாம் அதிகாரம் வரை, வேலை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலியே கர்த்தரின் காதில் கூக்குரலிடுகிறது என்று வரும் இடம் வரை.